டிக்கி ஜாதகம்

ஜெர்மனியில் ஒருவர் ஆபீஸில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள விசிட்டிங் கார்டு கேட்க வேண்டியதில்லை. கார் நிறுத்துமிடத்துக்குப் போய் அவர் வண்டியின் டிக்கியைப் பார்த்தால் போதும். 320டி என்றிருந்தால், மனிதர் இன்னும் ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறார். 520டி என்றால் தனி அறை, கதவில் பெயர். 740 என்றால் எழுந்து நின்று ஒரு வணக்கம் போட்டுவிடுவது உடம்புக்கு நல்லது.

விளையாட்டில்லை. அங்கே புதுக் கார்களில் பாதிக்கு மேல் கம்பெனிகளின் பெயரில்தான் பதிவாகின்றன. எந்த கிரேடுக்கு எந்த கார் என்று பல கம்பெனிகளில் சட்டதிட்டமே உண்டு. நம் ஊரில் ஆபீஸரானால் கைவைத்த நாற்காலி, இன்னும் மேலே போனால் நாற்காலி முதுகில் டர்க்கி டவல் மாதிரி. கம்பெனி பெட்ரோல் காரைச் சொந்த வேலைக்கும் ஓட்டினால், மாதாமாதம் காரின் பட்டியல் விலையில் ஒரு சதவிகிதத்தைச் சம்பளத்தோடு கூட்டி வரி போடுகிறார்கள். வரி போனால் போகட்டும், ஐந்தை விட்டு மூன்றுக்கு இறங்க யாருக்கு மனசு வரும்?

மியூனிக் நகரத்து பி.எம்.டபிள்யூ. இந்த எண் ஜோசியத்தை 1972-ல் ஆரம்பித்தது. அந்த வருஷம் முதல் ‘5 சீரிஸ்’ பிறந்தது. 1975-ல் தம்பி ‘3’. 1977-ல் அண்ணன் ‘7’. கணக்கு ரொம்ப சுலபம். முதல் எண், காரின் சைஸ். அடுத்த இரண்டும் என்ஜினின் கொள்ளளவு. 520 என்றால் நடுத்தர கார், 2 லிட்டர். 316 என்றால் சின்ன கார், 1.6 லிட்டர். கடைசியில் ‘ஐ’ வந்தால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன். ‘டி’ டீசல். ‘எல்’ என்றால் நீளம். உள்ளே என்ன சரக்கோ அதுதான் வெளியே போர்டு.

கொஞ்ச காலம்தான் இந்த சத்தியசந்தத்தனம். 1998-ல் வந்த 318ஐ-யைத் திறந்து பார்த்தால் 1.9 லிட்டர். சரி, தாராளமாக அளந்திருக்கிறார்கள் என்று விட்டுவிடலாம். 2012-க்கு வாருங்கள். 316டி, 318டி, 320டி என்று மூன்று டீசல் கார்கள். மூன்றுக்குள்ளும் இருந்தது அதே 2 லிட்டர் என்ஜின்! சக்தி மட்டும் 116, 143, 184 குதிரைகள்.

“ஏன் சார், மூணும் ஒரே என்ஜின்தானே?”

“மெதுவாப் பேசுங்க. டிக்கி வேற வேற இல்ல?”

ஏமாற்று வேலை என்று அவசரப்பட வேண்டாம். டர்போ என்கிற காற்றாடி உள்ளே புகுந்ததன் விளைவு இது. வெளியேறும் புகையின் வேகத்திலேயே சுழன்று, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சின்னச் சக்கரம். காற்று அதிகமானால் எரிபொருளை அதிகம் எரிக்கலாம். அடுப்பு அதே அடுப்பு. ஊதுகிறவர் ஊதுகிற வேகத்தில் இருக்கிறது சமையல். எனவே லிட்டரை வைத்துச் சக்தியைச் சொல்ல முடியாமல் போய், கடைசி இரண்டு எண்களும் வெறும் டெசிக்னேஷன் ஆகிவிட்டன. அந்தக் கால கிளார்க் இன்று ‘எக்ஸிக்யூட்டிவ்’ ஆனது போல. மேஜை அதே மேஜை.

இதன் உச்சம் ஏழில் நடந்தது. 730ஐ என்று சில நாடுகளில் விற்ற காரில் இருந்தது நான்கு சிலிண்டர், 2 லிட்டர் என்ஜின். மியூனிக்கில் கம்பெனியின் தலைமை அலுவலகமே நான்கு சிலிண்டர்களைச் சேர்த்து நிறுத்திய மாதிரி கட்டடம் என்பதால், மரபு மீறல் என்று சொல்ல முடியாது! சினிமாவும் சளைத்ததல்ல. 1997-ல் வந்த ‘டுமாரோ நெவர் டைஸ்’ படத்தில் ஜேம்ஸ்பாண்ட் பின்சீட்டில் படுத்துக்கொண்டு செல்போனால் ஓட்டுவாரே, அந்த 750ஐ.எல்., நிஜத்தில் 740ஐ.எல். பெயர்ப்பலகையை மாற்றி ஒட்டியிருந்தார்கள். பாண்டுக்கே பிரமோஷன் அப்படித்தான் கிடைத்திருக்கிறது.

பின்னால் இருக்கிற எண்தான் இப்படி. முதல் எண்ணாவது யோக்கியமா? அளந்து பார்க்கலாம். 1972-ன் ஐந்து, 4620 மில்லிமீட்டர் நீளம். 2018-ல் அறிமுகமான மூன்று, 4709. தம்பி அந்தக் கால அண்ணனைவிட நீளம். 1977-ன் ஏழு, 4860. 2023-ல் வந்த ஐந்து, 5060. பத்து வருஷமாக டெசிக்னேஷன் மாறாமல் இடுப்பு மட்டும் நாலு இன்ச் கூடியிருக்கும் நம் சீனியர்களைப் போல, எண் அப்படியே இருக்க கார்கள் பெருத்திருக்கின்றன. அதாவது, 1972-ல் ஐந்துக்கு ஏங்கியவர் கேட்ட இடம் இன்று மூன்றிலேயே கிடைக்கிறது. ஆனால் ஏக்கம் அங்கேயே நிற்குமா? அது ஏழுக்குப் போய்விட்டது.

‘அப்ப எதைத்தான் வாங்கறது?’ என்று கேட்பவர்களுக்கு (வாங்கப் போவதில்லை என்றாலும் கேட்பது நம் பிறப்புரிமை) ஒரு வழி சொல்கிறேன். எண்ணைப் பார்க்காதீர்கள். எந்த சீட்டில் உட்காரப் போகிறீர்கள் என்று பாருங்கள்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் என்றால் மூன்று. 2012-ன் 320டி-யும் அப்போதைய 520டி-யும் அதே 184 குதிரை என்ஜின்தான். ஐந்து கனம் கூட. அதனால் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதில் ஜூனியர் சுமார் அரை செகண்டு முந்திவிடுவார். ஆபீஸில் நடக்காதது ரோட்டில் நடந்தது. குடும்பத்தோடு, பெட்டி படுக்கையோடு, நெடுந்தூரம் அலுங்காமல் போக வேண்டும் என்றால் ஐந்து. பின்சீட்டு வலது மூலை உங்களுடையது என்றால் ஏழு. 2022-ல் வந்த ஏழில் பின்சீட்டுக்காரர் பார்க்க 31.3 அங்குலத் திரை கூரையிலிருந்து இறங்குகிறது. டிரைவர் பாவம், ரோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கார்களை 2007-லிருந்து நம் செங்கல்பட்டு பக்கம் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் பூட்டுகிறார்கள். இங்கே மூன்றையும் ஐந்தையும்கூட இழுத்து நீளமாக்கிய உருவத்தில், பின்சீட்டில் கால் நீட்ட இடம் விட்டு விற்கிறார்கள். நம்மைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஜெர்மானியர் வசதி வந்ததும் நல்ல கார் ஓட்ட ஆசைப்படுகிறார். நாம் முதலில் டிரைவர் போடுகிறோம்.

செகண்ட் ஹாண்டில் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிக்கி எழுத்து வெறும் ஒட்டுப் பசையில் நிற்கும் பிளாஸ்டிக். கொள்ளளவைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், மூன்று மாடலுக்கும் ஒரே சி.சி. என்று மேலே பார்த்தோம். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து டீலரிடம் எந்த மாடல் என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பொண்ணு பார்க்கப் போனால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதில்லையா?

இவ்வளவு பாடுபட்டு எண்ணைச் சம்பாதித்தவர்கள் அதை என்ன செய்கிறார்கள் தெரியுமா? ‘டிக்கியில் எண்ணே வேண்டாம், மொழுக்கென்று விட்டுவிடுங்கள்’ என்று ஆர்டர் கொடுக்க பி.எம்.டபிள்யூ.வில் ஒரு வசதி இருக்கிறது. பெரிய என்ஜின்காரர் ஊர் கண் படாமல் இருக்கக் கேட்கலாம். சின்ன என்ஜின்காரர் குட்டு வெளிப்படாமல் இருக்கக் கேட்கலாம். இரண்டு பேரும் பார்க்கிங்கில் பக்கத்துப் பக்கத்தில் சமத்துவமாக நிற்கலாம்.

எண்ணை எடுக்கும் அந்த வசதிக்குக் கம்பெனி ஒரு கோட் நம்பர் வைத்திருக்கிறது.

320.