பனியைத் துணியால் துடைக்காதீர்கள்



ஆயுத பூசை நெருங்கிவிட்டது. லயத்துப் பீலியடியில் ஆட்டோக்கள் வரிசை கட்டும். ஹட்டன், தலவாக்கலை சேர்விஸ் நிலையங்களில் வேன்காரர்கள் முறைக்குக் காத்து நிற்பார்கள். கொழுந்து லொறிக்குக்கூட அன்றைக்குத்தான் முழுக் குளியல். சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை எடுக்கும்போது சாரதிமார் முகத்தில் வருகிற பெருமையைப் பார்க்க வேண்டும்! ஆனால் அந்த ஒரு நாளில் பெயின்ட்டுக்கு நாம் செய்யும் கெடுதலும் கொஞ்சமல்ல. அதனால் இந்த மாதம் அரசியலை ஓரமாக வைத்துவிட்டு, வண்டி கழுவுவதைப் பற்றி எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. வரியோடு சேர்த்து விலையைக் கேட்டவர்கள் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கையிலிருக்கும் வண்டியைத்தான் இன்னும் பல வருஷம் ஓட்டியாக வேண்டும். விற்கப் போனாலும், வாங்க வருகிறவரின் கண் முதலில் போவது பெயின்ட்டுக்குத்தான்.

இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமற்ற பூச்சு ஒன்று உண்டு. பளபளப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதன் கனம் ஏறக்குறைய 40, 50 மைக்ரோன். தலைமுடி ஒன்றின் கனம்கூட இராது. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பொனட்டில் வட்டவட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிகின்றன அல்லவா? அழுக்கு சும்மா கிடந்தபோது அவை வரவில்லை. அழுக்கைத் தேய்த்த கைதான் அவற்றைப் போட்டது. நம் தோட்டப் பாதைச் சேறு வெறும் மண்ணல்ல. மலைப்பாறை உதிர்ந்து வந்த மணல் அதில் கலந்திருக்கிறது. அந்த மணலுக்கு முன்னால் பெயின்ட் எம்மாத்திரம்!

எல்லாவற்றிலும் மோசமானது நம்மூர்க் காலைப் பழக்கம். 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், இரவு வெளியே நின்ற வண்டி விடியும்போது பனியில் நனைந்திருக்கும். முதல் வாடகைக்குப் போகும் அவசரத்தில் சாரதி பழைய பெனியனை எடுத்து, கண்ணாடியோடு சேர்த்துக் கதவு, பொனட் எல்லாவற்றையும் ஒரு துடை துடைப்பார். நேற்றைய புழுதி முழுவதும் அந்த ஈரத்துக்குள்ளேதான் இருக்கிறது. அப்படி ஒரு வருஷம் துடைத்தால் புது வண்டியும் பழசாகிவிடும். கண்ணாடியை மட்டும் அதற்கென்று வைத்த துணியால் துடையுங்கள். மற்ற இடங்களுக்கு ஒரு வாளி தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் போதும். இல்லாவிட்டால் அப்படியே விடுங்கள், ஓட ஓடக் காய்ந்துவிடும்.

முறையாகக் கழுவுவதற்கும் பெரிய செலவில்லை. பொனட் சூடு ஆறட்டும். முதலில் வெறும் தண்ணீர்தான், நிறையத் தண்ணீர். சேறு ஊறித் தானாக வழிந்த பிறகே கை வைக்க வேண்டும். வாளி இரண்டு வேண்டும்: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணியை அலச நல்ல தண்ணீர். கூரையிலிருந்து கீழே வாருங்கள். சக்கரத்துக்கு வேறு துணி, அதுவும் கடைசியில். உடுப்புக் கழுவும் பவுடர் வேண்டாம். அது மெழுகுப் பூச்சை உரித்துவிடும். மலைத் தண்ணீர் மென்மையானது, கொஞ்சம் ஷாம்புவுக்கே நன்றாக நுரைக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழுகிறதே, அந்தத் தொல்லை நமக்குக் குறைவு.

அதற்காக ஈரத்தோடு விட்டுவிடலாம் என்பதில்லை. இங்கே துணியே காய மூன்று நாளாகும்! பெரிய மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு மெதுவாக இழுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். கதவின் அடியிலுள்ள சிறு துளைகள் சேற்றால் அடைபட்டிருந்தால் உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். அவற்றைத் திறந்துவிடுங்கள். கழுவிய கையோடு இறக்கத்தில் இறங்குவதாக இருந்தால், சமதரையில் இரண்டு தரம் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். பூசைச் சந்தனம் காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டாதீர்கள். ஈரத் துணியை வைத்து ஊறவிட்டு எடுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். வண்டியை ஆற்றில் இறக்கிக் கழுவாதீர்கள். டிக்கோயாவிலிருந்து காசல்ரீக்கும், மஸ்கெலியாவிலிருந்து மவுசாக்கலைக்கும் போகிற தண்ணீர், பிறகு களனி கங்கையாகி, அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்புக் குழாய்களுக்குப் போகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே கடைகளில் வேலை செய்துகொண்டு அதைக் குடிக்கிறார்கள்! எண்ணெயும் நுரையும் கலந்த தண்ணீர் ஓடையில் சேராதபடி, புல்தரை பார்த்து வண்டியை நிறுத்திக் கழுவுங்கள்.

சாரதிமாரே, உங்களிடம் இதைவிட நல்ல கைப்பக்குவங்கள் இருக்கும். எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறோம். அனைவருக்கும் ஆயுத பூசை வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்