வீக்கத்தின் மீது வீண்பழி

"மூட்டு மாற்றிய மூன்றாம் நாளே சிஆர்பி எகிறிவிட்டது, உடம்பு உலோகத்தை ஏற்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். வேண்டும். எலும்பை ரம்பத்தால் அறுத்த பிறகு கல்லீரல் சிஆர்பி என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். கிருமியே இல்லாவிட்டாலும் 2, 3ஆம் நாளில் அது உச்சம் தொடும். பிறகு சில வாரங்களில் இறங்கும். மூட்டைத் தொட்டால் தெரியும் வெதுவெதுப்பு மாதக்கணக்கில்கூட நீடிக்கும். உலோக ஒவ்வாமை அரிது. செயற்கை மூட்டிலிருந்து தேய்ந்து உதிரும் பாலிஎத்திலீன் (பிளாஸ்டிக்) துகள்களால் எலும்பு கரைவதோ ஆண்டுகள் கழித்து வரும் தொல்லை. அதை முதல் வாரத்து வீக்கத்தோடு சேர்ப்பது, நிஜமாகவே, மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது.

இதைவிட மோசம், "எதற்கும் ஆன்டிபயாட்டிக் போட்டுவையுங்கள்" என்ற யோசனை. மூட்டு நீரைச் சோதிக்கும் முன்பே விழுங்கிய மாத்திரை, உண்மையில் கிருமி இருந்தால் அதைச் சோதனையில் சிக்காமல் மறைத்துவிடும். இறங்கிய சிஆர்பி மறுபடி ஏறினாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ அறுவை செய்த மருத்துவரிடம் அன்றே போங்கள்.