பொட்டி பெருசானா கண்ணும் பெருசாயிடுமா?

"சொந்தமா டி.எஸ்.எல்.ஆர். இல்லாதவர்கள் போட்டோகிராபி கிளப்பில் சேர இயலாது."

எங்க ஊர்க் காலேஜ் ஒண்ணோட நோட்டீஸ் போர்டுல இப்படி ஒரு வரி. மிரர்லெஸ் இருந்தாலும் சேர்த்துக்குவாங்களாம், என்ன ஒரு பெருந்தன்மை! :-) வீட்டு பீரோவுல தூங்கிட்டிருந்த காம்பேக்ட் கேமராவைத் தட்டி எழுப்பிக்கிட்டு வர்றவனுக்கு மட்டும் கதவு சாத்திடும். ஏன்னு கேட்டா, "அதை வச்சு காம்போசிஷன் கத்துக்க முடியாது பாஸ்"ங்கிறாங்க.

இது சாதாரணத் தப்பு இல்லைங்க, தலைகீழ் தப்பு. காம்போசிஷனுக்கு காம்பேக்ட் மாதிரி கறாரான வாத்தியார் கிடையாது.

காம்போசிஷன்னா என்ன? சட்டத்துக்குள்ள எது இருக்கணும், எது இருக்கக் கூடாது, இருக்கிறது எங்க இருக்கணும். அவ்வளவுதான். இதுல எதையும் கேமரா முடிவு பண்றதில்ல. நீங்க எங்க போய் நிக்கிறீங்க, எவ்வளவு குனியறீங்க, எப்ப அமுக்கறீங்கங்கிறதுதான் முடிவு பண்ணுது. அதாவது கால், முட்டி, விரல். இந்த மூணும் எல்லாருக்கும் இலவசமாவே வந்திருக்கு.

அப்ப பெரிய கேமராக்காரங்க எதைப் பார்த்து அசந்து போறாங்க? பின்னணி மங்கலாகுது பாருங்க, அதைப் பார்த்து. சாதாரண காம்பேக்ட்ல சென்சார் கிட்டத்தட்ட 6.2 x 4.6 மி.மீ. ஃபுல் பிரேம்ல 36 x 24 மி.மீ. பரப்பளவை பெருக்கிப் பாருங்க, ஏறக்குறைய 30 மடங்கு வித்தியாசம். அதனால காம்பேக்டோட எஃப் 2.8, பெரிய கேமராவுல எஃப் 16 வச்ச மாதிரி கிட்ட இருக்கிறது தூரத்துல இருக்கிறது எல்லாத்தையும் தெளிவாவே காட்டும். மங்கலாக்கச் சொல்லிக் கெஞ்சினாலும் பெரும்பாலும் நடக்காது.

இதைத்தான் குறைங்கிறாங்க. கத்துக்கறவனுக்கு இதுதான் வரம்!

ஃபிரெண்டை நிக்க வச்சு எடுக்கறீங்க. பின்னாடி குப்பைத்தொட்டி, தலைக்கு மேல கொம்பு முளைச்ச மாதிரி ஒரு கரண்ட் கம்பம். பெரிய கேமராக்காரர் எஃப் 1.8ல வச்சு எல்லாத்தையும் கரைச்சிட்டுப் போயிடுவார். குப்பை இருந்ததை அவர் பார்க்கவே இல்ல. காம்பேக்ட்காரனுக்கு அந்தத் தப்பிக்கிற வழி கிடையாது. ரெண்டு அடி தள்ளி நிக்கணும், இல்ல உட்காரணும், இல்ல ஃபிரெண்டை வேற சுவருக்குக் கூட்டிட்டுப் போகணும். அமுக்கறதுக்கு முன்னாடி நாலு மூலையையும் பார்க்கிற பழக்கம் அவனுக்குத்தான் முதல்ல வரும்.

தஞ்சாவூர் பெரிய கோயிலையே எடுத்துக்குங்க. கிழக்குப் பார்த்த கோயில், காலையில போனா முகப்புல நேரா வெயில் விழும். கேரளாந்தகன் வாசல், ராஜராஜன் வாசல், நந்தி மண்டபம், 216 அடி விமானம் எல்லாம் ஏறக்குறைய ஒரே வரிசை. வாசலோட நிழலுக்குள்ள நின்னா அந்த வாசலே படத்துக்குச் சட்டம். ரெண்டு எட்டு பக்கவாட்டுல நகர்ந்தா நந்தி மண்டபம் விமானத்தை விட்டு விலகிடும். கிட்டப் போய் கேமராவை அண்ணாந்து பிடிச்சா விமானம் பின்னால சாயும். தூரமா வந்து நேரா பிடிச்சா நிமிர்ந்து நிக்கும். பிரகாரம் பெருசு, பின்னால நடக்க நிறைய இடம் இருக்கு. இத்தனை பாடத்துல எதுக்குங்க டி.எஸ்.எல்.ஆர்? இங்க விமானத்தை மங்கலாக்கினா ராஜராஜனே கோவிச்சுக்குவார்.

"மூணுல ஒரு பாகம் விதி தெரியுமா?"ன்னு அடுத்த கேள்வி வரும். 1797ல ஜான் தாமஸ் ஸ்மித் அந்தப் பேர்ல எழுதி வச்சது இயற்கைக்காட்சி ஓவியங்களுக்காக. அப்ப கேமராவே கிடையாது. அந்தக் கட்டத்தைத் திரையில காட்டுற வசதி பல காம்பேக்ட்லயே இருக்கு, போட்டுப் பழகுங்க. ஆனா மேலே சொன்ன கோயில்ல விமானத்தை நட்டநடுவுல வைக்கிறதுதான் அழகு. எப்ப மீறணும்னு சொல்லித்தர எந்த விலைக் கேமராவுக்கும் தெரியாது.

சின்னக் கேமரா விளையாட்டுச் சாமான்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். மேக்னம் புகைப்படக்காரர் அலெக்ஸ் மயோலி 2000களின் தொடக்கத்துல காங்கோவுலயும் ஈராக்லயும் படம் எடுத்தது ஒலிம்பஸ் சி-5050ல. 5 மெகாபிக்சல் காம்பேக்ட்ங்க அது! இந்தக் கிளப்ல அவருக்கே இடம் கிடைக்காது போல.

நியாயமா பேசணும்னா, ராத்திரி கபடி மேட்சுக்கும் பறக்குற மீன்கொத்திக்கும் காம்பேக்ட் திணறும். ஒத்துக்கறேன். ஆனா அது வெளிச்சம், வேகம் சம்பந்தப்பட்ட பாடம். முதல் வருஷப் பையனுக்கு முதல் பாடம் அது இல்ல. "செல்போன் இருக்கே"ம்பீங்க. தாராளமா, ஆனா போர்ட்ரெய்ட் மோடை அணைச்சிடுங்க. காம்பேக்ட்ல டிஜிட்டல் ஜூமையும் அணைச்சிடுங்க, அது வெறும் வெட்டி ஒட்டுற வேலை.

நாங்க காமர்ஸ்காரங்க, கணக்கு பார்க்காம இருக்க முடியாது. பொட்டி வாங்கின அன்னையிலேர்ந்தே தேய்மானம். லென்ஸ், பேக், ஈ.எம்.ஐ.ன்னு செலவு மட்டும் வளரும். பழகின கண்ணுக்குத் தேய்மானமே கிடையாது. அப்பாகிட்ட ஈ.எம்.ஐ. கட்டச் சொல்ல முடியாத வீட்டுப் பிள்ளைங்க எத்தனை பேர் அந்த நோட்டீஸைப் படிச்சிட்டுப் பேசாம திரும்பிப் போயிருப்பாங்க? அவங்ககிட்ட பணம் இல்லாததை, திறமை இல்லாததா மாத்தி எழுதியிருக்கு அந்த ஒரு வரி. எனக்குக் கோவம் அதுலதான்.

கிளப் நடத்துற அண்ணன்களே, அக்காக்களே, தேர்வு வைக்கணும்னா வைங்க. எந்தக் கேமராவுல எடுத்ததுன்னு கேட்காம ஆளுக்குப் பத்து படம் வாங்கிப் பாருங்க. பார்க்கத் தெரிஞ்சவன் யாருன்னு பத்தாவது படத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.