முப்பது வயது மாணவர்



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று இரண்டாம் திருப்பலியை முடித்து நான் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, எங்கள் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் வாசலில் வந்து தயங்கி நின்றார். அவருடைய மூத்த மகன் துறவற சபையொன்றில் சேர்ந்து குருப்பட்டம் பெற்றவர். தான்சானியா நாட்டின் தாரெசலாம் நகருக்கு மறைபணிக்கென அவர் அனுப்பப்பட்டு எட்டு மாதங்கள் ஆகின்றன.

"சாமி, நேற்று ராத்திரி மகன் போனில் பேசினான். என்னப்பா வேலை என்று கேட்டேன். காலையில் மொழிப் பள்ளிக்கூடமாம். மாலையில் கடைத்தெருவில் போய்ப் பேசிப் பழகுகிறானாம். ராத்திரி பாத்திரம் கழுவுகிறானாம். இன்னும் ஒரு பிரசங்கம்கூட வைக்கவில்லையாம். தெருப் பிள்ளைகள் இவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்களாம். இதற்காகவா சாமி என் பிள்ளையைக் கொடுத்தேன்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை நம்ம சாமியிடம் சொல்லிவிடாதீர்கள் என்று வேறு சொன்னான்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் என் நெஞ்சில் தைத்தது. அவரை வழியனுப்பிய திருப்பலியில் மறையுரை ஆற்றியவன் நான். "இருளில் இருக்கும் மக்கள் உமது வாய்ச்சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள்" என்று அன்று முழங்கினேன். தாய் கண்ணீர் விட்டார். கோவில் நிறைந்த மக்கள் உருகினர். மறைபணியாளர் என்றால் போய் இறங்கிய மறுநாளே மேடையேறிப் பேசுபவர் என்ற சித்திரத்தை அந்தக் குடும்பத்தின் உள்ளத்தில் வரைந்தவன் நானே. அந்தச் சித்திரத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல், அந்நிய நகரில் ஓர் இளங்குரு நாணித் தலைகுனிந்து நிற்கிறார்.

அவரை நாற்காலியில் அமரச் செய்து, மத்தேயு ரிச்சி அடிகளாரைப் பற்றிச் சொன்னேன். அன்று அவசரமாகச் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

இத்தாலி நாட்டின் மாச்செராத்தா நகரில் 1552-ஆம் ஆண்டு பிறந்த ரிச்சி, இயேசு சபையில் சேர்ந்து, 1578-இல் கோவாவில் வந்து இறங்கினார். நம் நாட்டில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கற்றும் கற்பித்தும் வாழ்ந்தார். 1580-இல் அவர் குருப்பட்டம் பெற்றதும் நமக்கு அண்மையிலுள்ள கொச்சியில்தான். பின்னர் 1582-இல் சீன நாட்டின் வாயிலாக விளங்கிய மக்காவ் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே அவருக்கு இடப்பட்ட முதற் கட்டளை, "போதியும்" என்பதன்று, "படியும்" என்பதே. அவருக்கு முன்னரே அங்கு வந்திருந்த மிக்கேல் ருஜ்ஜியேரி அடிகளார் மூன்று ஆண்டுகளாகச் சீன மொழியோடு போராடிக்கொண்டிருந்தார். துறவறம் பூணுமுன் சட்டத்தில் உயர்பட்டம் பெற்ற அறிஞர் அவர். அவருக்குக் கிடைத்த ஆசிரியரோ ஓர் ஓவியர். குதிரை என்ற சொல்லைக் கற்பிக்கக் குதிரையின் படத்தை வரைந்து காட்டி, அதன் பெயரைச் சொல்லுவார். சட்ட அறிஞர் சிறுபிள்ளையைப் போல் அதைத் திருப்பிச் சொல்லுவார். கூட இருந்த துறவியருள் பலரே இது வீண்வேலை என்று எள்ளினர். அம்மொழியின் கடுமையோ பெரிது. 'மா' என்னும் ஒரே ஒலி, குரலை இழுக்கும் விதத்தைப் பொறுத்துத் தாயையும் குறிக்கும், குதிரையையும் குறிக்கும். தெருப் பிள்ளைகள் சிரிப்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1583 செப்டம்பரில் இருவரும் குவாங்துங் மாகாணத்தின் சாவோசிங் நகரில் குடியேற அனுமதி பெற்றனர். ரிச்சிக்கு அப்போது வயது முப்பது. மக்காவுக்கு வந்த மற்றொரு குரு சில மாதங்களுக்கு முன்பே ருஜ்ஜியேரியோடு அந்நகருக்குச் சென்று தங்கியிருந்தார். தங்க வழியின்றித் திரும்பியபோது, தங்கள் பீடத்தை அவ்வூர் இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றிருந்தனர். திரும்பி வந்து பார்த்தபோது, அவ்விளைஞர் அதை ஓர் அறையில் வைத்து, நறும்புகை இட்டு, மேலே இரண்டு சீன எழுத்துகளைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார். 'தியன்சூ' என்பது அச்சொல். 'விண்ணகத் தலைவர்' என்று பொருள். குருக்கள் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டனர். இன்றளவும் சீன மொழியில் கத்தோலிக்க மறைக்கு 'தியன்சூவின் மறை' என்பதே பெயர்.

அன்பர்களே, இதைச் சற்றே சிந்தியுங்கள். கடவுளை அறிவிக்கக் கடல் கடந்து சென்றவர்கள், கடவுளைக் குறிக்கும் சொல்லை அவ்வூரில் இன்னும் திருமுழுக்குக்கூடப் பெறாத ஓர் இளைஞரிடமிருந்து பெற்றுக்கொண்டனர். கொடுக்கச் சென்ற கைகள் முதலில் ஏந்திப் பெற்றன.

அவர்களது அன்றாட வாழ்வு எளியதாகவும் கடினமாகவும் இருந்தது. அவ்வூர்ப் பௌத்த துறவியரைப் போல் தலையையும் தாடியையும் மழித்து, அவர்களைப் போன்றே உடை அணிந்தனர். அந்நியர் வீட்டைப் பார்க்க நாள்தோறும் கூட்டம் வந்தது. கண்ணாடிப் பட்டகத்தின் வழியே நிறங்கள் பிரிவதைக் கண்டு மக்கள் வியந்தனர். பீடத்தில் இருந்த தேவதாயின் படத்தை வணங்கிச் சென்றவர்கள், "இவர்களுடைய கடவுள் ஒரு பெண்" என்று வெளியே பேசினர். செய்தி காதில் விழுந்ததும், அப்படத்தை எடுத்துவிட்டு மீட்பரின் படத்தை அங்கே வைத்தனர். சுவரில் தொங்கிய உலகப்படம் நகரின் ஆட்சியாளரை ஈர்த்தது. அவர் வேண்டியபடி ரிச்சி அதைச் சீன எழுத்தில் வரைந்தளித்தார். 1584-இல் அது அச்சாயிற்று.

துன்பமும் குறைவின்றி வந்தது. வீட்டின் அருகே எழும்பிக்கொண்டிருந்த கோபுரத்திலிருந்து சிறுவர்கள் கூரையின்மேல் கல்லெறிவர். ஒரு நாள் வேலையாள் அவர்களுள் ஒருவனைப் பிடித்து வந்து மிரட்டி அனுப்பினார். அவ்வளவுதான், சிறுவனை மூன்று நாள் அடைத்து வைத்து, மருந்து கொடுத்து, மக்காவில் விற்கப் பார்த்தார்கள் என்று வழக்கு எழுந்தது. விசாரணையில் உண்மை வெளிப்பட்டு, பொய்வழக்குத் தொடுத்தவருக்குப் பிரம்படி விதிக்கப்பட்டது. அப்போது ரிச்சி அடிகளார் நீதிபதியின் முன் மண்டியிட்டு, அவரை மன்னிக்கும்படி இறைஞ்சினார். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. எனினும், இன்னும் திருந்தாத சீனத்தில் அவர் பேசிய அந்தச் சில சொற்களைவிடச் சிறந்த மறையுரை எது?

அந்நகரில் முதன்முதல் திருமுழுக்குப் பெற்றவர் யார் தெரியுமா? மருத்துவர் கைவிட, வீட்டாரும் வெளியே கிடத்திவிட்ட ஒரு நோயாளி. குருக்கள் அவருக்கு வீட்டருகே சிறு குடிசை அமைத்து உணவூட்டிப் பேணினர். அவர் நம்பிக்கை கொண்டு, திருமுழுக்குப் பெற்றுச் சில நாளில் இறந்தார். அதற்கும் ஊர் ஒரு கதை கட்டியது: அம்மனிதரின் தலைக்குள் விலையுயர்ந்த கல் இருந்ததாம், அதை எடுக்கவே அந்நியர் அவரைப் பேணினராம்! சொற்கள் போதாத இடத்தில் அன்பு பேசியது. அன்பையும் ஊர் முதலில் தவறாகவே படித்தது. அவர்கள் சலிக்கவில்லை.

ஆறு ஆண்டுகள் அங்கே உழைத்தும் மனந்திரும்பியோர் நூறுக்கும் குறைவு. 1589-இல் புதிய ஆளுநர் அவ்வீட்டையும் பறித்துக்கொண்டு ரிச்சியை வெளியேற்றினார். அவர் வேறு நகருக்குச் சென்று மீண்டும் தொடங்கினார். பௌத்த துறவியரின் உடை அறிஞரிடையே மதிப்புப் பெறவில்லை என்பதை உணர்ந்து, 1595-இல் தாடி வளர்த்து, அறிஞருக்குரிய பட்டாடைக்கு மாறினார். பன்னிரண்டு ஆண்டு கடைப்பிடித்த வழியைத் தவறென்று ஏற்க எத்துணைத் தாழ்ச்சி வேண்டும்! 1601-இல் பெய்ஜிங் நகருக்குள் நுழைந்தார். 1610-இல் அங்கேயே இறந்தபோது, பேரரசரே அடக்கத்துக்கு நிலம் வழங்கினார். 2022-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.

நாம் பெய்ஜிங் அரண்மனையை நினைவில் வைத்துக்கொள்கிறோம்; சாவோசிங் வீட்டை மறந்துவிடுகிறோம். ஆனால் அந்த வீடு இல்லையேல் இந்த அரண்மனை இல்லை. நம் ஆண்டவரும் மூன்று ஆண்டுகள் போதிக்குமுன், முப்பது ஆண்டுகள் நாசரேத்தில் தச்சராய் வாழ்ந்தார் அன்றோ? அங்கே அவர் பேசிய மொழியும் தம் தாயின் மடியில் கற்ற மொழியே.

அன்று மாலையே நான் தாரெசலாமுக்குப் போன் செய்து, அந்த இளங்குருவிடம் என் மறையுரைக்காக மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "இன்று மீன் விற்கும் அம்மா ஒருவர் என் உச்சரிப்பைத் திருத்தினார், சாமி" என்றார். மறு ஞாயிறு அவருடைய தந்தை என்னைத் தேடி வந்தார். "தண்ணீருக்கு அந்த ஊரில் 'மாஜி' என்று பெயராம் சாமி, மகன் சொன்னான்" என்றார். முகத்தில் பழைய வாட்டம் இல்லை.

இம்மாதம் மறைபரப்பு ஞாயிறு வருகிறது. காணிக்கை கொடுப்போம்; செபிப்போம். அத்துடன், நம் வீட்டுப் பிள்ளைகள் தொலைவிலிருந்து பேசும்போது, "எத்தனை பேரை மனந்திருப்பினாய்?" என்று கேட்காதிருப்போம். "இன்று யார் உனக்கு என்ன கற்றுக் கொடுத்தார்கள்?" என்று கேட்போம். அவர்கள் நாணமின்றிப் பதில் சொல்வார்கள்.