தட்டில் சோறு குறைந்தால் தொட்டில் ஆடுமா?

கல்யாணம் ஆகி ஆறு மாசம் போதும். கோவில் வாசலில், மாடிப்படியில், பந்தியில் எங்கே போனாலும் "என்னம்மா, ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்ற கேள்விதான். கேட்கப்படுவது மருமகள். மகனை யாரும் கேட்பதில்லை!

சென்னையில் இப்போது அந்தக் கேள்வியோடு ஒரு உபதேசமும் சேர்ந்து வருகிறது. "சோத்தைக் குறை. கிளைசிமிக் இண்டெக்ஸ் பார்த்துச் சாப்பிடு. தானா உண்டாகும்" என்கிறார்கள்.

இதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை.

என்ன கணக்கு?

ஒரு உணவைச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறும் என்று காட்டும் எண் அது. 1981-ல் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கொண்டு வந்தார்கள். குளுக்கோசுக்கு 100. எண் 70-ஐத் தொட்டால் வேகம் அதிகம். 55-க்குள் இருந்தால் நிதானம். வெள்ளை ரொட்டியும் குழைந்த வெள்ளைச் சோறும் மேலே நிற்கும். கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் கீழே. மெரினா பட்டாணிச் சுண்டலும் நல்ல பக்கம்தான்!

சர்க்கரை குபீரென்று ஏறினால் கணையம் இன்சுலினைக் கொட்டும். சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ள பல பெண்களின் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாது. அதனால் இன்னும் கூடுதலாகச் சுரக்கும். அந்த மிதமிஞ்சிய இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டிவிடும். கருமுட்டை முதிராமல் நிற்கும். மாதவிலக்கு தள்ளிப்போகும். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 100-க்கு 10 முதல் 13 பேருக்கு இந்தக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அமெரிக்காவில் 18,555 பெண்களின் சாப்பாட்டுப் பழக்கத்தை ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் 8 ஆண்டுகள் கவனித்தார்கள். சர்க்கரை ஏற்றும் உணவை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு, கருமுட்டை வெளிவராத குறை கூடுதலாக இருந்தது. ஆனால் அது பழக்கத்தைப் பார்த்த கணக்கு. சோற்றைக் குறைத்தால் கரு நின்றே தீரும் என்ற உத்தரவாதம் அல்ல.

2023-ல் வந்த நீர்க்கட்டிக் கோளாறுக்கான சர்வதேச மருத்துவ வழிகாட்டியும், இந்த உணவு முறைதான் மற்றதைவிட உசத்தி என்று எதையும் சொல்லவில்லை. சத்தான சாப்பாடு, உடற்பயிற்சி — இதைத்தான் வலியுறுத்துகிறது.

எண் ஏமாற்றும்!

எண்ணை மட்டும் நம்பினால் கூத்துதான். கொழுப்பு இருப்பதால் ஐஸ்கிரீமின் எண் சோற்றின் எண்ணைவிடக் குறைவு. அதுக்காக மூணு வேளையும் ஐஸ்கிரீமா? தர்பூசணியின் எண் அதிகம். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கீற்றில் சர்க்கரை கொஞ்சம்தான். கேழ்வரகு நல்லதுதான். நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் அதன் வேகமும் கூடிவிடும்.

வழி சுலபம். சோறு ஒரு கரண்டி குறையட்டும். பருப்பும் காயும் ஒரு கரண்டி கூடட்டும். முட்டையோ மீனோ சேரட்டும். சர்க்கரை போட்ட காபி, டீயை எண்ணிக் குடிக்கட்டும். இதுக்குக் காஸ்ட்லியான பவுடர் டப்பா எதுவும் வேண்டாம்.

யாருக்குப் பத்தியம்?

இனிமேல்தான் முக்கியமான விஷயம். பிள்ளை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் குறையும் சேர்ந்திருக்கிறது. விந்துப் பரிசோதனை சாதாரண டெஸ்ட். ஊசி கிடையாது, கத்தி கிடையாது. "எனக்கா டெஸ்ட்?" என்று மீசையை முறுக்குகிறவர், மனைவியின் தட்டில் மட்டும் சோற்றை அளப்பது என்ன நியாயம்? குழாய் அடைப்புக்குச் சுண்டல் மருந்தாகுமா?

ஒரு வருஷம் பார்த்தும் கரு நிற்கவில்லையா? டாக்டரிடம் இருவரும் போகவேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாசமே போதும். மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். பத்தியம் இருந்து பார்க்கலாம் என்று வருஷக்கணக்கில் ஓட்டினால், போன வயசு திரும்பி வருமா?

மருமகள் சோற்றைக் குறைக்கட்டும். மகனும் குறைக்கட்டும். மாமியார் அந்தக் கேள்வியைக் குறைக்கட்டும்!