சில்லு பெயர்ந்த சவரக்கத்தி



நம் கேரித் தீவில் சில வீடுகளில் இன்னும் ஒரு மடக்குச் சவரக்கத்தி இருக்கும். தாத்தா வைத்திருந்தது, அப்பாவின் கைக்கு வந்தது, இப்போது அலமாரியில் துணி சுற்றிக் கிடப்பது. பிரித்துப் பார்த்தால் வாயில் எறும்பு கடித்தாற்போல ஒரு சிறு சில்லு பெயர்ந்திருக்கும். "இனி இது எதற்கு? தூக்கிப் போடுங்கள்" என்று வீட்டில் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். சிறிய சில்லாக இருந்தால் பொறுமையும் ஒரு நல்ல கல்லும் போதும், அந்தக் கத்தி மீண்டும் முகம் வழிக்கும்.

முதலில் அது எந்த ஊர்க் கத்தி என்று பாருங்கள். காம்புப் பக்கத்தில் பெயர் பொறித்திருக்கும். பழைய கத்திகளில் பல ஜெர்மனியின் சோலிங்கனிலோ இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலோ செய்தவை. சோலிங்கன் என்ற ஊர்ப் பெயரைக் கண்டவர்களும் பொறித்துவிடக்கூடாது என்று 1938-இலேயே அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். 1903-இல் ஜில்லெட்டின் கழற்றி மாட்டும் பிளேடு விற்பனைக்கு வந்த பிறகு மடக்குக் கத்தி மெல்ல மெல்ல ஒதுங்கியது. ஆனால் அதன் எஃகு மட்டமாகிவிடவில்லை. கரி கூடுதலாகச் சேர்ந்த கெட்டி எஃகு அது. கெட்டியாக இருப்பதால்தான் கூர் நிற்கிறது. அதே காரணத்தால்தான் குழாயிலோ தொட்டியின் விளிம்பிலோ இடித்தால் வளையாமல் பெயர்ந்து போகிறது. துருவும் ஒரு காரணம். நம் தீவில் கடல் காற்றும் லங்காட் ஆற்று ஈரமும் சேர்ந்து, துடைக்காமல் வைத்த கத்தியின் வாயைச் சில நாளிலேயே அரிக்கத் தொடங்கிவிடும்.

கல்லை எடுக்குமுன் பூதக்கண்ணாடி வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். சில்லின் அடியிலிருந்து முதுகை நோக்கி மயிரிழை போல ஒரு விரிசல் ஓடினால் அந்தக் கத்தியைத் தொடாதீர்கள். அது முகத்தில் இருக்கும்போதே உடையக்கூடியது. நினைவுப் பொருளாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விரிசல் இல்லாமல், பள்ளம் அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் வீட்டிலேயே சரி செய்யலாம். அதைவிடப் பெரிது என்றால் பழகிய கையிடம் கொடுப்பதே நல்லது.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். பெயர்ந்த இடத்தை எதைக்கொண்டும் நிரப்ப முடியாது. அந்தப் பள்ளத்தின் அடிமட்டத்துக்கு வாயின் மற்ற பகுதி முழுவதும் இறங்கி வரவேண்டும். பள்ளம் 0.3 மில்லிமீட்டர் என்றால் வாய் நெடுகிலும் 0.3 மில்லிமீட்டர் தேய வேண்டும். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். சில்லு இருக்கும் இடத்தை மட்டும் கல்லில் தேய்ப்பார்கள். அங்கே குழி விழும், கத்தி நடுவில் வளைந்து கெட்டுப்போகும். ஓரிடத்துக் குறையை முழு நீளமும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் இந்த வேலையின் சட்டம்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. 1000 எண்ணுள்ள தண்ணீர்க்கல் ஒன்று, 4000 அல்லது 5000 ஒன்று, 8000 ஒன்று, ஒரு தோல்வார், கொஞ்சம் வயர் டேப். எண் ஏற ஏறக் கல் நைசாகும். அடுப்படியில் அரிவாள் தீட்டித் தீட்டி நடு குழிந்த கல் இதற்கு ஆகாது. கல் சமமாக இருக்கிறதா என்று பார்க்க, அதன் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் நனைத்த உப்புத்தாளை வைத்து அதில் கல்லைத் தேயுங்கள். கோடு எல்லாம் ஒன்றாக மறைந்தால் கல் சமம்.

தண்ணீர்க்கல்லைக் குமிழி நிற்கும்வரை நீரில் ஊறவிட்டு, ஈரத் துணியின் மேல் வையுங்கள். கத்தியின் முதுகில் வயர் டேப்பை ஒரு சுற்று நீளவாக்கில் ஒட்டுங்கள். நெடுநேரம் தேய்க்கும்போது முதுகு தேயாமல் காப்பதற்கு அது. தேய்ந்தால் புதிதாக மாற்றுங்கள், ஆனால் கடைசிக் கல் வரையில் டேப் இருக்கட்டும். இடையில் எடுத்துவிட்டால் சாய்வு மாறி, வாய் கல்லில் சரியாகப் படாது.

சவரக்கத்தி தீட்டுவதில் ஒரு வசதி உண்டு. அடுக்களைக் கத்திக்குச் சாய்வை நாம்தான் கையால் பிடிக்க வேண்டும். சவரக்கத்தியிலோ முதுகே அதைப் பிடித்துக் கொடுக்கிறது. 16 மில்லிமீட்டர் அகலமும் நாலரை மில்லிமீட்டர் முதுகுக் கனமும் உள்ள கத்தியைக் கல்லில் படுக்க வைத்துத் தீட்டினால், வாயின் கோணம் தானாகவே சுமார் 16 டிகிரிக்கு வந்துவிடும். ஆகவே முதுகும் வாயும் இரண்டும் எப்போதும் கல்லைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். முதுகைத் தூக்கினீர்களோ, கோணம் போயிற்று!

வாயில் மார்க்கர் பேனாவின் மையைப் பூசி ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மை அழிந்த இடம் கல்லில் படுகிறது, அழியாத இடம் படவில்லை. பிறகு 1000 கல்லில் ஒரு பக்கம் 20 இழுப்பு, மறு பக்கம் 20 இழுப்பு என்று எண்ணிச் செய்யுங்கள். கல் கத்தியின் நீளத்தைவிடக் குறுகலாக இருந்தால், வாய் முழுவதும் படும்படி குறுக்காகச் சாய்த்து இழுங்கள். அழுத்தம் மிதமாகவே இருக்கட்டும். அவ்வப்போது துடைத்துவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். ஒரு மாலைப் பொழுது போகலாம், இரண்டும் போகலாம். சில்லு அடியோடு மறைந்த பிறகு, கையின் பாரம் மட்டும் பட, பக்கம் மாற்றி மாற்றி இழுத்து, வாயில் நிற்கும் பிசிறை நீக்குங்கள். அடுத்து 4000, பிறகு 8000. முந்தைய கல்லின் கீறல் மறைந்த பிறகே அடுத்த கல்லுக்குப் போகவேண்டும்.

கடைசியாகத் தோல்வார். இங்கே டேப்பை எடுத்துவிடலாம். கல்லில் வாய் முன்னே போகும், வாரில் முதுகு முன்னே போகும். வாரை இறுக்கிப் பிடித்து 50, 60 முறை இழுங்கள். தொய்ந்த வார் கூரை உருட்டிவிடும். திருப்பும்போது முதுகின் மேல் புரட்டுங்கள், வாயின் மேல் அல்ல.

எக்காரணம் கொண்டும் மோட்டாரில் சுழலும் சாணைச் சக்கரத்தில் பிடிக்காதீர்கள். மெல்லிய வாய் நொடியில் சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போயிற்று, பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. பால்மரம் சீவிய நம் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. மழுங்கிய கத்தியோடு நிரைக்குப் போனால் பட்டை கிழியும், மரம் காயப்படும் என்று அவர்கள் கத்தியைக் கல்லில் பொறுமையாகத் தீட்டிக்கொண்டு போனவர்கள்.

கத்தி சரியாகிவிட்டது. இனி அது யாருக்கு? ஒரே ஒருவருக்குத்தான். அப்பாவும் மகனும் பங்கு போட்டுக்கொள்ளும் பொருள் அல்ல அது. கண்ணுக்குத் தெரியாத துளி இரத்தத்திலும் ஹெப்படைட்டிஸ் பி என்னும் கல்லீரல் நோய்க் கிருமி தங்கும். காய்ந்த பரப்பிலும் குறைந்தது 7 நாள் அதற்குத் தொற்றும் வல்லமை உண்டு. நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு இந்த நோய்க்கான தடுப்பூசி 1989-இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த பெரியவர்கள் பலர் அதைப் போட்டுக்கொள்ளாமலே இருப்பார்கள். நீங்கள் எப்படி என்று கிளினிக்கில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கல்லில் தீட்டுவதால் கிருமி சாகாது, அதையும் மறக்க வேண்டாம்.

ஆகையால் குழந்தைக்கு முடி இறக்க வீட்டுக் கத்தியை எடுக்காதீர்கள், அது எவ்வளவு கூராக இருந்தாலும் சரி. பத்துமலையில் தைப்பூசக் கூட்டத்திலாயினும், கிள்ளான் முடிதிருத்தும் கடையிலாயினும், புதுப் பிளேடை உங்கள் கண் முன்னே பிரித்து மாட்டச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. நல்ல தொழில்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வழித்து முடித்ததும் கத்தியைக் கழுவி, துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி தடவி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஈரம் பிடித்து வைத்திருக்கும் தோல் உறையில் வைக்க வேண்டாம். இப்படிப் பார்த்துக்கொண்டால், தாத்தாவின் கத்தி உங்கள் காலம் முழுவதும் உழைக்கும்.