பூட்டு நம்மீது, சாவி யாரிடம்?

"நான் பேசுனத எனக்கே போட்டுக் காட்டுறான் டீச்சரம்மா."

மரக்காணம் உப்பளத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உப்பு சுமந்த ஒரு அக்கா என்னிடம் சொன்னது இது. காட்டியவன் மேஸ்திரியின் ஆள். அவன் கைப்பேசியில் ஓடியது அக்காவின் குரல். அதைப் பதிவு செய்தவள் நான்.

உப்பளப் பெண்களின் வாய்மொழிகளை இரண்டு கோடைகளாகச் சேகரித்துவந்தேன். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்குவது, உப்பு வெளிச்சத்தில் கண் கூசி எரிவது, காலில் வெடிப்பு ஆறாமல் இருப்பது, மாதவிடாய் நாளில்கூட ஒதுங்க மறைவிடம் இல்லாதது, கூலியில் பிடித்தம், மேஸ்திரியின் கை எங்கெல்லாம் படும் என்பது. நம்பிச் சொன்னார்கள். "யாருக்கும் தெரியாதுல்ல?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். "தெரியாது" என்று ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்தேன்.

பிறகு என் மடிக்கணினியின் விசைப்பலகை பழுதானது. பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். கடவுச்சொல்லைச் சொல்லவில்லை, அதனால் கவலையில்லை என்று நினைத்தேன். நான்கு நாள் கழித்துக் கணினி நன்றாக வேலை செய்தது. அடுத்த மாதம் அக்காவின் குரல் ஊருக்குள் வந்துவிட்டது. யார் நகலெடுத்தார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. அக்காவை இரண்டு வாரம் வேலைக்குக் கூப்பிடவில்லை. அந்த இரண்டு வாரமும் அவர் சவுக்குத் தோப்பில் விறகு பொறுக்கினார்.

கடையைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் என் பங்கைப் பார்த்தேன். சங்க அகப்பாடல்களை வகுப்பில் ஆண்டுக்கணக்காக நடத்துகிறேன். தலைவன், தலைவி யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது அகத்திணையின் விதி. பெயர் வெளியே வந்தால் அலர் எழும். அலர் எழுந்தால் பெண்ணை வீட்டுக்குள் அடைப்பார்கள். அதற்கு இற்செறிப்பு என்று ஒரு துறைப்பெயரே உண்டு. இவ்வளவும் பாடம் நடத்துகிற நான், ஒலிப்பதிவுக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண்ணின் பெயர், ஊர், வயது, தேதி என்று ஒழுங்காகத் தலைப்பிட்டு வைத்திருந்தேன். ஆய்வு முறையியல் கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது. திருடுகிறவனுக்குத் தேடும் வேலையைக்கூட நான் மிச்சம் வைக்கவில்லை.

அப்புறம் அந்தக் கடவுச்சொல். என் பழைய கணினியைத் திறக்கும்போது விண்டோஸ் கேட்ட கடவுச்சொல், வாசலில் நிற்கும் காவல்காரன் மட்டுமே. உள்ளேயிருக்கும் வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினால் காவல்காரனைப் பார்க்கவே வேண்டாம். கோப்புகள் எல்லாம் அப்படியே தெரியும். அதற்கு ஒரு திருப்புளி போதும். நான் கதவைப் பூட்டியிருந்தேன். வீட்டுக்குச் சுவர் இல்லை.

சுவர் எழுப்பும் வேலைக்குப் பெயர் மறையாக்கம். என்கிரிப்ஷன் என்றால் நம் மாணவிகளுக்கு உடனே புரியும். உப்பளத்தில் வரப்பு கட்டிப் பாத்தி பிரிப்பதுபோல ஒரே வட்டைப் பல பார்ட்டிஷன்களாகப் பிரிக்கலாம். பலரும் டி டிரைவ், இ டிரைவ் என்று பிரித்து அதில் ஒன்றுக்குள் 'சொந்தம்' என்று ஒரு கோப்புறை போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். வரப்பு யாரையும் தடுக்காது, தாண்டிப் போகலாம். அந்தப் பாத்தியை மறையாக்கம் செய்தால்தான், சாவித்தொடர் இல்லாதவருக்கு அது அர்த்தமற்ற எண்களின் குவியலாகத் தெரியும். வட்டைக் கழற்றினாலும், திருடினாலும், பழைய விலைக்கு விற்றாலும் அப்படியே.

இதை நான் பேச ஆரம்பித்ததும் மூன்று மறுப்புகள் வந்தன. மூன்றையும் நம் தரப்பிலிருந்தே கேட்டேன்.

முதல் மறுப்பு: "ஒளிக்க உனக்கு என்ன இருக்கிறது?" நல்ல பெண்ணிடம் ரகசியம் இருக்காது என்ற பழைய வசனம்தான் இது. கணவன் மனைவிக்குள் ரகசியம் எதற்கு என்பதும் இதன் தங்கை. இந்த வெளிப்படைத்தன்மை எந்தத் திசையில் பாய்கிறது என்று பாருங்கள். மனைவியின் கைப்பேசி எண்வரிசை கணவருக்குத் தெரியும். மகளின் மின்னஞ்சல் அண்ணனிடம் இருக்கும். கல்லூரி விடுதியில் மாணவியின் அலமாரியைக் காப்பாளர் திறந்து பார்ப்பார். ஆண்களின் மேசை இழுப்பறையை எந்த வீட்டில் யார் சோதிக்கிறார்கள்? நம் மரபில் பூட்டு ஏராளம். எல்லாம் பெண்ணின் மேல் போடப்பட்டவை. சாவி ஒருபோதும் அவளிடம் இருந்ததில்லை.

கவிஞர் சல்மா திருமண வீட்டில் யாருக்கும் தெரியாமல் எழுதி, புனைபெயரில் வெளியிட வேண்டியிருந்தது நமக்குத் தெரிந்த வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி சமையலறையில் ஒளிந்து படிக்கக் கற்றுக்கொண்டதைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். இவர்கள் ஒளித்தது குற்றத்தை அல்ல, எழுத்தை. வர்ஜீனியா உல்ஃப் 1929இல் கேட்ட தனி அறையை நாம் மேடைதோறும் மேற்கோள் காட்டுகிறோம். அந்த அறைக்கதவுக்குப் பூட்டும் வேண்டும் என்று அவர் சொன்னதை மறந்துவிடுகிறோம்.

இரண்டாம் மறுப்பு கொஞ்சம் கனமானது: "தனிமை, அந்தரங்கம் என்ற சொற்களுக்குப் பின்னால்தானே குடும்ப வன்முறை இத்தனை காலம் ஒளிந்திருந்தது?" உண்மை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்த புட்டசாமி தீர்ப்பே இந்தப் பெண்ணியக் கேள்வியைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. வீட்டின் அந்தரங்கம் வேறு, அந்த வீட்டுக்குள் இருக்கும் பெண்ணின் அந்தரங்கம் வேறு. முன்னது அடிப்பவனைக் காக்கிறது. பின்னது அடிபட்டவள் தேதி போட்டு எழுதிவைத்த குறிப்பை, காயத்தின் படத்தை, வழக்கறிஞருக்கு எழுதிய கடிதத்தைக் காக்கிறது. அவை அடித்தவனோடு பகிர்ந்துகொள்ளும் கணினியில் திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் மறுப்பு: "உப்பளத்துப் பெண்ணிடம் லேப்டாப்பா இருக்கிறது? இது மேல்தட்டுக் கவலை." என்னை மிகவும் கோபப்படுத்தியது இதுதான், ஏனென்றால் நானே ஒருகாலத்தில் இப்படிச் சொன்னவள். அக்காவிடம் கணினி இல்லை. ஆனால் அக்கா என் கணினிக்குள் இருந்தார். தொண்டு நிறுவனங்களின் வட்டில், முனைவர் பட்ட மாணவிகளின் பென்டிரைவில், ஆவணப்பட இயக்குநர்களின் மேசையில், வழக்கறிஞர்களின் அலுவலகத்தில் எத்தனை பெண்களின் வாக்குமூலம் பெயரோடு கிடக்கிறது! பெண்களின் குரலைப் பதிவு செய்தோம் என்று பெருமைப்படும் நாம், அந்தக் குரலுக்கு ஒரு பூட்டுப் போட அரைநாள் செலவழிக்கவில்லை. பிறருடைய வலியைச் சேமித்துவைக்கிறவளுக்கு அதைக் காக்கும் கடமையும் உண்டு.

2008இல் ஹாங்காங்கில் நடிகர் எடிசன் சென் தன் மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்தார். அதிலிருந்த அந்தரங்கப் படங்களை ஊழியர் ஒருவர் நகலெடுத்தார். படங்கள் உலகம் முழுவதும் பரவின. அந்த ஊழியர் அடுத்த ஆண்டு தண்டிக்கப்பட்டார். ஆனால் கண்ணீரோடு ஊர் முன் நின்று பதில் சொல்ல வேண்டி வந்தது, படங்களில் இருந்த நடிகைகளுக்கும்தான். கணினி ஆணுடையது, அலர் பெண்ணுடையது. சங்ககாலத்திலிருந்து இந்தக் கணக்கு மாறவில்லை.

அரசு காக்கும் என்று காத்திருக்கலாமா? 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவிக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமை வழக்கில், அவரை அடையாளம் காட்டும் முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. 2015 செப்டம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட மறையாக்கக் கொள்கை வரைவு, மக்கள் தாங்கள் மறையாக்கம் செய்த செய்தியின் வெற்று வடிவத்தை 90 நாள் வைத்திருந்து, கேட்டால் காட்ட வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். "பூட்டிக்கொள், மாற்றுச் சாவியை என்னிடம் கொடு" என்ற அந்தக் குரல் நமக்கு வீட்டிலேயே பழக்கமான குரல்.

சரி, செய்வது எப்படி? "அதெல்லாம் தம்பியிடம் கொடுத்தால் செய்து தருவான்" என்ற பதிலை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். தம்பி செய்தால் சாவி தம்பியிடம். நான் தமிழ் முனைவர். எனக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் பிடித்தது.

முதலில் எல்லாவற்றையும் வேறொரு வட்டில் நகலெடுங்கள். பார்ட்டிஷனை மாற்றும்போது ஒரு தவறான அழுத்தத்தில் எல்லாம் அழியலாம். லினக்ஸ் நிறுவுகிறவர்களுக்கு எளிது: நிறுவும்போதே வட்டை மறையாக்கம் செய்யவா என்று கேட்கும், ஆம் என்றால் லக்ஸ் என்ற முறையில் செய்துவிடும். விண்டோஸின் புரோ பதிப்பில் பிட்லாக்கர் இருக்கிறது. ஹோம் பதிப்புள்ள பல புதிய கணினிகளில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' உண்டு. ஆனால் அதன் மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்காரும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும் என்று யோசியுங்கள். எந்தப் பதிப்பிலும் ஓடும் இலவச மென்பொருள் வெராகிரிப்ட். அதில் ஒரு முழு பார்ட்டிஷனையும் பூட்டலாம். பயமாக இருந்தால், ஒரே ஒரு கோப்பைப் பூட்டிய பெட்டியாக்கி அதற்குள் வேண்டியவற்றை வைக்கலாம். முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் பெட்டியைத்தான் சொல்வேன். பூட்டிய பிறகு, முன்பு திறந்து கிடந்த மூலக் கோப்புகளை அழிக்க மறக்காதீர்கள். வெறுமனே அழித்த கோப்பைப் பலமுறை மீட்டெடுத்துவிடலாம் என்பதும் நினைவிருக்கட்டும். முழு வட்டையும் தொடக்கத்திலேயே பூட்டுவது அதனால்தான் மேல்.

சாவித்தொடருக்குப் பிள்ளையின் பெயரோ பிறந்தநாளோ வேண்டாம். தமிழாசிரியைகளே, குறளும் வேண்டாம். நமக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரியும். தாயக்கட்டையை உருட்டிச் சொல் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்று உண்டு, டைஸ்வேர் என்று பெயர். ஆறுமுகப் பகடையை ஐந்துமுறை உருட்டினால் 7776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒரு சொல் கிடைக்கும். அப்படி ஆறு சொல். கவிஞர்களுக்கு இது கஷ்டமில்லை. தொடர்பில்லாத ஆறு சொற்களை ஒரு படிமமாக்கி மனதில் வைக்க நமக்குத் தெரியாதா? மறந்தால் மட்டும் மீட்பே இல்லை. எந்த நிறுவனமும் திறந்து தராது. தாளில் எழுதி, நீங்கள் முழுதாக நம்பும் ஒரு தோழியின் வீட்டில் வையுங்கள்.

இந்தப் பூட்டு எல்லாவற்றையும் தடுக்காது. கணினி திறந்து ஓடும்போது உள்ளேயிருப்பதும் திறந்தே இருக்கிறது; தூங்கவைத்தால் போதாது, முழுதாக அணைக்க வேண்டும். உளவு மென்பொருள் நுழைந்துவிட்டால் இந்தச் சுவர் பயன்படாது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, பீமா கோரேகான் வழக்கில் விசாரணைக் கைதியாகவே 2021இல் இறந்த ஸ்டேன் சுவாமியின் கணினிக்குள் வெளியிலிருந்து ஊடுருவிக் கோப்புகளைத் திணித்திருக்கிறார்கள் என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் கன்சல்டிங் 2022 டிசம்பரில் சொன்னது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி அதிகாரம் பெற்ற அரசு அமைப்பு சாவியைக் கேட்கலாம். மறுத்தால் ஏழாண்டு வரை சிறை. இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டே சொல்கிறேன்: பழுதுபார்ப்பவன், திருடன், மைத்துனன், முன்னாள் காதலன், மேஸ்திரியின் ஆள் ஆகியோரை இந்தப் பூட்டு நிறுத்தும். நம்மில் பெரும்பாலோரின் வாழ்க்கையைக் குலைக்கிறவர்கள் இவர்கள்தான்.

இப்போது என் வட்டில் ஒரு பாத்தி பூட்டியிருக்கிறது. கோப்புகளுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும். எந்த எண் யார் என்ற பட்டியல் காகிதத்தில், வேறொரு வீட்டில் இருக்கிறது. அக்காவிடம் போய் இதையெல்லாம் விளக்கினேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "இப்பதான் பூட்டு வாங்கியிருக்கியா?" என்றார். மறுபடி பேசுவீர்களா என்று கேட்டேன். "இப்ப வேணாம் டீச்சரம்மா. பாப்பம்."

அவர் மறுத்தது நியாயம். அடுத்த கோடையில் ஒலிப்பதிவுக் கருவியோடு எந்த ஊருக்காவது கிளம்பப் போகும் மாணவிகளே, நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். பூட்டிவிட்டுப் போங்கள்.